அஞ்சாவது மேட்ச்

நம்ம ஊர் கபடி நோட்டீஸ்ல இல்லாத தகவலே கிடையாது. முதல் பரிசு எவ்வளவு, அதைத் தர்றவர் யாரு, கோப்பை யாரோட நினைவா, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ, எந்த நம்பருக்கு போன் பண்ணணும், எல்லாம் இருக்கும். "நடுவர் தீர்ப்பே இறுதியானது" கண்டிப்பா இருக்கும். ஒரே ஒரு தகவல் மட்டும் இருக்காது. ஜெயிக்கிற டீம்ல இருக்கிற பையன் அன்னைக்கு ராத்திரி மொத்தம் எத்தனை நிமிஷம் ஆடணும், ஒரு மேட்சுக்கும் அடுத்த மேட்சுக்கும் நடுவுல அவனுக்கு எவ்வளவு ஓய்வு கிடைக்கும்?

கபடி ஆபத்தான ஆட்டமானு யாராவது கேட்டா, நாம உடனே பிடிகளைப் பத்தித்தான் பேசுவோம். காலைப் பிடிச்சு இழுக்கிறது, நாலு பேர் மேல விழுறது, முட்டி திரும்புறது. அதெல்லாம் ஆட்டத்தோட பகுதி. அதுக்குப் பயிற்சி இருக்கு, விதி இருக்கு, விசில் இருக்கு. என் கருத்து வேற. நம்ம பசங்க உடம்பை அதிகமா உடைக்கிறது களத்துக்கு வெளியே இருக்கிற ரெண்டு விஷயம். ஒன்னு, எடை பார்க்கிற தராசு. இன்னொன்னு, கமிட்டி மேசைல இருக்கிற மேட்ச் ஷெட்யூல்.

முதல்லயே சொல்லிடறேன், இது கபடிக்கு எதிரான கட்டுரை இல்ல. 2014ல புரோ கபடி வந்துச்சு, 2017ல தமிழ் தலைவாஸ் வந்துச்சு. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கினப்போ, சென்னை கண்ணகி நகர் கார்த்திகா பேரு தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்சது. அதே போட்டியில தங்கம் வாங்கின ஆண்கள் அணியில திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ் இருந்தாரு. ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் சீட் வாங்கினவங்க நம்ம கூடவே கிளாஸ்ல இருக்காங்க. வேடசந்தூர்லயோ நத்தத்துலயோ நிலக்கோட்டைலயோ இருக்கிற ஒரு பத்தாவது படிக்கிற பையனுக்கு இன்னைக்கு கபடி பொழுதுபோக்கு இல்ல, ஒரு வழி. வழின்னு நம்பி வர்ற கூட்டம் பெருசாகுது. அதனாலதான் கணக்கைச் சரியா போடணும்னு சொல்றேன்.

ஒரு சின்ன கணக்கு

32 டீம். ரெண்டு களம். நாக்-அவுட். உள்ளூர் போட்டிகள்ல வழக்கமா பண்ற மாதிரி நேரத்தைக் குறைச்சு, பாதிக்கு 10 நிமிஷம்னு வச்சுக்குவோம். இடைவேளை, டீம் இறங்குறது, சண்டை, சமாதானம் எல்லாம் சேர்த்து ஒரு மேட்சுக்கு அரை மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பம்.

முதல் சுற்று 16 மேட்ச். ரெண்டு களத்துல நடந்தா 4 மணி நேரம். ரெண்டாவது சுற்று 2 மணி நேரம். கால் இறுதி 1 மணி நேரம். அரை இறுதி ரெண்டும் ஒரே நேரத்துல, அரை மணி நேரம். அப்புறம் ஃபைனல். எதுவுமே லேட் ஆகாம நடந்தா ராத்திரி 2 மணிக்கு முடியும். எதுவுமே லேட் ஆகாம நடந்த போட்டியை நான் இன்னும் பார்த்ததில்ல. விடிஞ்ச பிறகு பரிசு குடுக்கிறதெல்லாம் சாதாரணம்.

இப்போ ஒவ்வொரு சுற்றுலயும் முதல் மேட்ச் ஆடி ஜெயிச்சுக்கிட்டே போற ஒரு டீமை மட்டும் பாருங்க. அவங்க 6 மணிக்கு ஆடுறாங்க, அப்புறம் 10 மணிக்கு, 12 மணிக்கு, 1 மணிக்கு, 1.30க்கு. நடுவுல கிடைக்கிற ஓய்வு: மூன்றரை மணி நேரம், ஒன்றரை மணி நேரம், அரை மணி நேரம், பூஜ்யம்.

இது கமிட்டி செஞ்ச தப்பு இல்ல. நாக்-அவுட்டோட குணமே அதுதான். ஒவ்வொரு சுற்றுலயும் மேட்ச் எண்ணிக்கை பாதியாகுது, அதோட ஓய்வும் சுருங்குது. உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது நிறைய ஓய்வு. உடம்பு காலியாகும்போது ஓய்வே இல்ல. எதிர்ல நிக்கிற டீமும் அப்போதான் பலமான டீமா இருக்கும். ஒரு மெஷினுக்கு இப்படி லோடு குடுத்தா வைவால நம்மளை வெளிய அனுப்பிடுவாங்க. பதினாறு வயசுப் பையனுக்கு மட்டும் குடுக்கலாமா?

மொத்த ஆட்ட நேரத்தையும் பார்ப்போம். அஞ்சு மேட்ச், ஒவ்வொன்னும் 20 நிமிஷம், ஆக 100 நிமிஷம். தேசிய அளவுல சீனியர் ஆண்கள் மேட்சே பாதிக்கு 20 வீதம் 40 நிமிஷம்தான். சப்-ஜூனியர் பசங்களுக்கு பாதிக்கு 15 வீதம் 30 நிமிஷம். அவ்வளவுதான் ஒரு மேட்ச்ல தாங்கும்னு விதி போட்டவங்க முடிவு பண்ணியிருக்காங்க. நாம மேட்சைச் சின்னதாக்கிட்டோம்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு, ஒரே ராத்திரில அதைப் போல மூணு மடங்குக்கு மேல ஆட விடறோம்.

ஒரு ரெய்டோட விலை

100 நிமிஷம் ஓடுறதும் 100 நிமிஷம் கபடி ஆடுறதும் ஒன்னு இல்ல. ஒரு ரெய்டு அதிகபட்சம் 30 விநாடி. அந்த 30 விநாடியும் மூச்சை உள்ளே இழுக்காம "கபடி கபடி"னு பாடிக்கிட்டே, முழு வேகத்துல திரும்பி, குனிஞ்சு, தாவி வரணும். முழு பலத்தோட செய்யற வேலைக்குத் தசை முதல்ல தன்கிட்ட ஏற்கெனவே சேர்த்து வச்சிருக்கிற எரிபொருளைத்தான் எடுக்கும். அது சுமார் 10 விநாடிலயே கிட்டத்தட்ட தீர்ந்துடும். அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்க ஆரம்பிக்கும். கால் கனக்கிறது, தொடை எரியுறது எல்லாம் அந்தக் கட்டத்துலதான். காலியான அந்த முதல் எரிபொருள் பழையபடி நிரம்ப சில நிமிஷம் அசையாம இருக்கணும்.

கபடில அசையாம இருக்க முடியாது. ரெய்டு முடிஞ்சு வந்த அடுத்த நொடி நீங்க பிடிக்கிற ஆள். 20 நிமிஷத்துல, ஒவ்வொரு ரெய்டும் முழு 30 விநாடி போனாக்கூட 40 ரெய்டு, டீமுக்கு 20. மெயின் ரெய்டர் அதுல பாதி போவான்னு வச்சா ஒரு மேட்சுக்கு 10, அஞ்சு மேட்சுக்கு 50 தடவை. அதுக்கு நடுவுல பிடி வேற.

விதிப்படி ஒரு டீம்ல 12 பேர் இருக்கலாம். 7 பேர் உள்ளே, 5 பேர் வெளியே. ஆனா நம்ம ஊர் டீம் நிறைய எட்டு ஒன்பது பேரோடதான் வந்து இறங்கும். வண்டில இடம் இல்ல, பரிசுப் பணத்தை நிறைய பேருக்குப் பிரிக்க முடியாது, ஒரே எடைல பத்துப் பேர் கிடைக்க மாட்டாங்க. காரணம் எல்லாம் நியாயமானதுதான். விளைவு என்னன்னா, கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டவன் உப்பு போட்ட எலுமிச்சை சோடாவைக் குடிச்சுட்டு மறுபடியும் உள்ளே போறான்.

தராசுக்கு முன்னாடி

கபடில எடைப் பிரிவு இருக்கிறது நல்ல விஷயம். சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ வரை, ஜூனியர் பையன்களுக்கு 70 கிலோ, சப்-ஜூனியருக்கு 55 கிலோ. ரக்பில பெரும்பாலான நாடுகள் பசங்களை வயசை வச்சுத்தான் பிரிக்குது. பதினாலு வயசுல ஒருத்தன் 45 கிலோ, இன்னொருத்தன் 80 கிலோ இருந்தா என்ன பண்றதுன்னு அங்கே பல வருஷமா விவாதம். நியூஸிலாந்துல சில பிரிவுகளுக்கு எடை வரம்பே வச்சுட்டாங்க. அந்த விஷயத்துல நாம முன்னாடியே இருக்கோம்.

ஆனா தராசு வந்த இடத்துலெல்லாம் அதை ஏமாத்துற வழியும் வந்துடும். 55 கிலோ போட்டிக்கு 57 கிலோ பையன் என்ன பண்றான்? முந்தின நாள் ராத்திரி சாப்பிடறதில்ல. காலைல இருந்து தண்ணி குடிக்கிறதில்ல. மத்தியான வெயில்ல ஜெர்கின் போட்டுக்கிட்டு ஓடுறான். கொடைக்கானல் நம்ம மாவட்டம்தான், ஆனா மேட்ச் நடக்கிறது சித்திரை வெயில்ல காயுற கீழ்நாட்டுல. தராசுல ஏறி இறங்கினதும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் தண்ணி, ஒரு பிரியாணி. அப்புறம் களம்.

உடம்பு எடைல 2 சதவீதம் தண்ணியா இழந்தாலே ஆட்டத் திறன் குறையும்னு விளையாட்டு மருத்துவம் ரொம்ப நாளா சொல்லுது. 55 கிலோ பையனுக்கு அது 1.1 கிலோ. அதாவது, 57ல இருந்து 55க்கு தண்ணியை வச்சே இறங்கினவன் முதல் விசிலுக்கு முன்னாடியே அந்தக் கோட்டைத் தாண்டிட்டான். ரத்தம் கெட்டியாகும், இதயம் கூடுதலா அடிக்கும், உடம்புச் சூடு இறங்காது. குடிச்ச தண்ணி உடம்பு முழுக்கப் போய்ச் சேர மணிக்கணக்காகும்.

இதுக்கு உலகம் ஏற்கெனவே விலை குடுத்திருக்கு. 1997ல அமெரிக்கால மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கிற முயற்சிலயே அடுத்தடுத்து இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்கே கல்லூரி விளையாட்டு அமைப்பு விதியை மாத்துச்சு: ரப்பர் உடை, நீராவி அறை தடை, எடை பார்க்கிறது போட்டிக்குப் பக்கத்து நேரத்துல, உடம்புல தண்ணி போதுமானு சிறுநீர் பரிசோதனை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வினேஷ் போகாட் 100 கிராம் கூடினதுக்காக வெளியேற்றப்பட்டப்போ, அந்த ராத்திரி முழுக்க அவங்க பட்ட பாட்டை நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சுப் பேசினோம். அவங்களுக்கு டாக்டர் கூட இருந்தாங்க. நம்ம பையனுக்கு ஜெர்கின் குடுத்த அண்ணன் மட்டும்தான் கூட இருக்கான்.

இன்னொன்னு. தேசிய விதில சப்-ஜூனியர்னா 55 கிலோ மட்டும் இல்ல, 16 வயசு வரம்பும் உண்டு. நம்ம ஊர்ல அந்த விதியோட பாதியைத்தான் எடுத்துக்கிட்டோம். "55 கிலோ கபடி"னு போடுவாங்க, வயசு போட மாட்டாங்க. அதனால பத்தாவது படிக்கிற பையனும், ஒல்லியா இறுகிப்போன 25 வயசு ஆளும் எதிரெதிரா நிப்பாங்க. எடை ஒன்னுதான், எலும்பு ஒன்னு இல்ல. அந்தப் பையனோட எலும்பு முனைல வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அங்கே அடிபட்டா கை கால் வளர்ச்சியே கோணலாகலாம்.

ரக்பிக்காரங்ககிட்ட என்ன கத்துக்கலாம்?

நம்மள்ல பல பேருக்கு ரக்பின்னா யூடியூப் ஷார்ட்ஸ்ல வர்ற முரட்டு மோதல்தான். 2025 ஜூன்ல முதல் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையை சென்னை புல்ஸ் வாங்கினதுகூட நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா அந்த முரட்டு ஆட்டம்தான் சின்னப் பசங்க விஷயத்துல நம்மளைவிட நிதானமா இருக்கு.

பெரியவங்க ரக்பி மேட்ச் 80 நிமிஷம். 19 வயசுக்குட்பட்டவங்களுக்கு 70 நிமிஷம்தான். ரெண்டு டீமும் தோளோட தோள் முட்டித் தள்ற ஸ்க்ரம்ல, அந்த வயசுப் பசங்க ஒன்றரை மீட்டருக்கு மேல தள்ளக் கூடாது. ஏழு பேர் ஆடுற ரக்பி செவன்ஸ் நம்ம கபடிக்கு இன்னும் நெருக்கம். அங்கே ஒரு மேட்ச் வெறும் 14 நிமிஷம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஃபைனல் போன ஆண்கள் அணி ஆறு மேட்ச் ஆடுச்சு, ஆனா மூணு நாள்ல. ஒரு நாளைக்கு ரெண்டு மேட்ச், 28 நிமிஷம். அவங்க உலகத்துலயே ஃபிட்டான, சம்பளம் வாங்கி ஆடுற ஆளுங்க. நம்ம பையன் பட்டினியா வந்து ஒரே ராத்திரில 100 நிமிஷம் ஆடுறான்.

தலையடி விஷயம் இன்னும் முக்கியம். ரக்பில மூளை அதிர்ச்சினு சந்தேகம் வந்தாலே பையனை வெளிய எடுத்துடணும். அன்னைக்கு அவன் திரும்ப இறங்கக் கூடாது. விவாதமே கிடையாது. நம்ம களத்துல? மூஞ்சில தண்ணி தெளிப்போம், "எந்திரிடா, ஒன்னும் இல்ல"னு தட்டிக் குடுப்போம், கூட்டம் கைதட்டும். முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தா வளர்ற வயசு மூளை வேகமா வீங்கலாம். அரிதா நடக்கிறதுதான். நடந்தா திரும்ப வழி இல்ல.

தரையைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் உயரத்துல இருந்து தலை கீழே வந்து 1 சென்டிமீட்டர்ல நின்னா, சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல 100 மடங்கு. அதே தலை 4 சென்டிமீட்டர் உள்ளே அமுங்கி நின்னா 25 மடங்கு. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான், உயரத்தை நிக்கிற தூரத்தால வகுத்தா போதும். ரப்பர் மேட் வாங்க எல்லா ஊர்லயும் காசு இருக்காது. ஆனா மண்ணை நல்லா கொத்தி, கல் பொறுக்கி, சலிச்சு, தண்ணி தெளிச்சுப் போட மண்வெட்டியும் நாலு ஆளும் போதும். அதையும் முதல் மேட்சுக்கு மட்டும் பண்ணிட்டு விட்டுடறோம். பத்தாவது மேட்சுக்குள்ள அந்த மண் மிதிபட்டு சிமெண்ட் தரை மாதிரி ஆயிடுது. ஃபைனல் நடக்கிறது அந்தத் தரைலதான்.

"அந்தக் காலத்துல ஆடலையா?"

இதைச் சொன்னா வர்ற முதல் பதில் இதுதான். ஆடினாங்க. பக்கத்து ஊருக்கு நடந்து போய் ஆடினாங்க. ஆனா அப்போ முட்டி போனவங்க, தோள் இறங்கினவங்க எல்லாம் என்ன ஆனாங்கன்னு நாம கணக்கு வச்சதில்ல. ஜெயிச்சவங்க கதைதான் டீக்கடைல மிஞ்சும்.

பழனிப் பக்கத்துக் கிராமத்துப் பசங்க கதைதான் 2009ல வந்த 'வெண்ணிலா கபடி குழு'. கடைசி மேட்ச்ல ஹீரோ களத்துலயே உயிரை விடுவான். நாம அழுதோம், ஆனா உள்ளுக்குள்ள அதை ஒரு வீர மரணமாத்தான் எடுத்துக்கிட்டோம். 2022 ஜூலைல பண்ருட்டிப் பக்கம் மானடிக்குப்பத்துல நிஜமாவே நடந்துச்சு. ரெய்டு போன 22 வயசு கல்லூரி மாணவர் களத்துலயே சரிஞ்சு இறந்தாரு. அந்த வீடியோவும் நம்ம குரூப்ல எல்லாம் சுத்துச்சு. ஷெட்யூல்தான் அவர் சாவுக்குக் காரணம்னு நான் சொல்லல. எவ்வளவு கவனமா இருந்தாலும் சில விபத்து நடக்கும். ஆனா கவனமா இருந்தோம்னு சொல்ற உரிமை நமக்கு இருக்கணும் இல்லையா? "விளையாட்டுக்காக உயிரைக் குடுத்தான்"னு ஃபிளெக்ஸ் அடிக்கிறது சுலபம். அவன் வீட்டுல அந்த ஃபிளெக்ஸை எங்கே மாட்டுவாங்க?

ரெண்டாவது பதில் காசு. லைட்டு, மைக் செட், பந்தல் எல்லாம் ஒரு ராத்திரி வாடகை. ரெண்டு நாள் நடத்தினா செலவு கூடும். இது நிஜமான பிரச்சனை, நான் மறுக்கல. கமிட்டி நடத்துறது நம்ம அண்ணன் தம்பிங்கதான். வீடு வீடா வசூல் பண்ணித்தான் நடத்துறாங்க. ஆனா கணக்கைத் திருப்பிப் பாருங்க. சனிக்கிழமை முதல் ரெண்டு சுற்று மட்டும் வச்சா 6 மணிக்கு ஆரம்பிச்சு 12 மணிக்கு முடியும். யாரும் ரெண்டு மேட்சுக்கு மேல ஆட மாட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருக்கிற 8 டீம் மட்டும் வந்தா போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விட்டாக்கூட, 6 மணிக்கு ஆரம்பிச்சா பத்து மணிக்கு ஃபைனல் முடியும். ராத்திரி 2 மணிக்கு ஃபைனலைப் பார்க்க முப்பது பேர்தான் முழிச்சிருப்பாங்க. ஒன்பதரைக்கு வச்சா அம்மா, அக்கா, குழந்தைங்க எல்லாம் இருப்பாங்க. பரிசு குடுக்க வர்றவரும் தூங்கி வழிய மாட்டாரு. ரெண்டு நாள் முடியவே முடியாதா? 16 டீமோட நிறுத்துங்க. ஜெயிக்கிறவன் நாலு மேட்ச்தான் ஆடுவான்.

நோட்டீஸ்ல நாலு வரி

அரசாங்கம் சட்டம் போடட்டும், அசோசியேஷன் பார்க்கட்டும்னு காத்திருக்க வேண்டிய விஷயம் இல்ல இது. நோட்டீஸ்ல நாலு வரி சேர்த்தா பாதிப் பிரச்சனை குறையும்.

ஒன்னு: எந்த டீமும் ஒரு நாள்ல மூணு மேட்சுக்கு மேல ஆடாது. ஒரே நாள்ல முடிச்சே ஆகணும்னா நாலு. ரெண்டு மேட்சுக்கு நடுவுல குறைஞ்சது ஒரு மணி நேரம்.

ரெண்டு: எடையோட வயசும் பார்க்கப்படும். ஆதார் கார்டு ஏற்கெனவே எல்லார் கைலயும் இருக்கு. எடை பார்க்கிறது மத்தியானம் இல்ல, அந்த டீமோட முதல் மேட்சுக்குக் கொஞ்சம் முன்னாடி. தராசுக்கும் விசிலுக்கும் நடுவுல நேரம் இல்லைன்னா, பட்டினி கிடந்து வர்றதுல லாபம் இல்லைனு டீமுக்கே புரியும். அதுக்கும் மேல, 57 கிலோ பையனை 60 கிலோ போட்டிக்குக் கூட்டிட்டுப் போற புத்தி கேப்டனுக்கு வரணும்.

மூணு: தலைல அடிபட்டு மயங்கினவனோ, தடுமாறினவனோ அன்னைக்குத் திரும்ப ஆட முடியாது. நடுவர் தீர்ப்பே இறுதியானது. அந்த வரிக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

நாலு: முதலுதவி தெரிஞ்ச ஒருத்தர் களத்துல இருப்பார், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி தயாரா நிக்கும். 108க்கு போன் பண்ணலாம், ஆனா ஊருக்கு உள்ளே இருக்கிற களத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு வழி சொல்லி வரவைக்கிறதுக்குள்ள நேரம் ஓடிடும்.

இதை ஏன் ஒரு காலேஜ் பத்திரிகைல எழுதறேன்னு கேக்கலாம். அந்த நோட்டீஸை டிசைன் பண்றது யாரு? கமிட்டில "நீ இன்ஜினியரிங் படிக்கிறவன்தானே, இதைப் பாருடா"னு சொல்லி ஷெட்யூல் போடற வேலையை யார் தலைல கட்டுறாங்க? ஸ்கோர் போர்டு, லைவ் ஸ்ட்ரீம், கமெண்ட்ரி எல்லாம் யாரு? நம்ம செட்டுதான். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும்போது அந்த எக்செல் ஷீட்டு நம்ம லேப்டாப்லதான் இருக்கும். டீம் பேருக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு காலம் சேருங்க: இதுவரை ஆடின நிமிஷம், கடைசி மேட்ச் முடிஞ்ச நேரம். ரெண்டாவது காலத்துல ஒரு மணி நேரம் ஆகலைன்னா அந்த டீமை மைக்ல கூப்பிடாதீங்க. கூட்டம் கத்தட்டும். பத்து நிமிஷம் ஒரு பாட்டு போட்டா அடங்கிடும்.